ஏசி அறைக்கு அடுத்த சுவர் ஏன் வியர்க்கிறது: வீட்டு சென்சாரில் பனிப்புள்ளிக் கணக்கு

படுக்கையறையில் ஏசி ஓடுகிறது. அதே சுவருக்கு மறுபக்கம் ஹால். ஹால் பக்கம் சுவரை ஒட்டி ஒரு மர அலமாரி. கொஞ்ச நாளில் அலமாரியின் பின்பலகையில் கறுப்புப் புள்ளிகளாகப் பூசணம் பிடிக்கும்; உள்ளே மடித்து வைத்த பட்டுப்புடவையில் மக்கல் வாடை ஏறும். பிளம்பர் வந்து சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு லீக் எதுவும் இல்லை என்பார். பெயின்டர் வந்து வாட்டர் ப்ரூஃபிங் அடித்துவிட்டுப் போவார். அடுத்த வருஷம் அதே இடத்தில் அதே பூசணம். சென்னை மாதிரிக் கடலோர ஊர்களில் இது வீட்டுக்கு வீடு நடக்கும் கதை. சுவருக்குள் தண்ணீர் எங்கிருந்தும் கசியவில்லை. ஹால் காற்றில் இருக்கும் ஈரம்தான் குளிர்ந்த சுவரில் வந்து படிகிறது.

இதைப் பிடிக்க ஈரப்பத மீட்டரை வாங்கி மாட்டுகிறவர்கள் 75 சதவீதம் என்ற எண்ணைப் பார்த்துவிட்டு அதை வைத்து என்ன செய்வது என்று தெரியாமல் விட்டுவிடுகிறார்கள். அது அவர்கள் தப்பில்லை. ஒப்பு ஈரப்பதம் என்பது, அந்த வெப்பநிலையில் காற்று தாங்கக்கூடிய ஈரத்தில் இப்போது எத்தனை பங்கு இருக்கிறது என்பதை மட்டும் சொல்கிறது. காற்றில் ஒரு துளி ஈரம்கூடச் சேராமல், அறை சூடானால் அந்த எண் இறங்கும், குளிர்ந்தால் ஏறும். பனிப்புள்ளி அப்படி ஆடாது. இந்தக் காற்றை எத்தனை டிகிரிக்குக் குளிர்வித்தால் ஈரம் தண்ணீராகப் பிரியும் என்பதுதான் அது. பள்ளிப் புத்தகத்தில் பனிநிலை என்று படித்திருப்பீர்கள். காற்றில் உள்ள நீராவி கூடினால் பனிப்புள்ளி கூடும், குறைந்தால் குறையும். அறை சூடாவதும் குளிர்வதும் அதைத் தொடாது. எல்லாவற்றையும்விட வசதி, அது டிகிரியில் இருக்கிறது. சுவர் எத்தனை டிகிரி, பனிப்புள்ளி எத்தனை டிகிரி என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடலாம்.

கோடையில் கடற்காற்று உள்ளே நுழையும் நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மேற்கிலிருந்து வறண்ட காற்று அடிக்கும்போது 39 டிகிரி, 35 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். பனிப்புள்ளி 20.8. கடற்காற்று வந்து 34 டிகிரி, 65 சதவீதம் ஆனால் பனிப்புள்ளி 26.5. வெயில் தணிந்தது என்று ஜன்னலைத் திறப்போம். உள்ளே வருவதோ முன்னைவிட எவ்வளவோ ஈரமான காற்று. மழைக்குப் பிறகு நடப்பது இதற்கு நேர் தலைகீழ். வெளியே 24 டிகிரி, 95 சதவீதம். பூட்டிய வீட்டுக்குள் 31 டிகிரி, 72 சதவீதம். சதவீதத்தைப் பார்த்தால் ஜன்னலைத் திறக்கவே தோன்றாது. ஆனால் வெளியே பனிப்புள்ளி 23.1, உள்ளே 25.4. அந்த நேரத்தில் ஜன்னலைத் திறந்தால்தான் வீடு உலரும்.

கணக்கு

ஹென்ரிக் குஸ்டாவ் மேக்னஸ் 1844-ல் வெளியிட்ட சமன்பாட்டின் வடிவம்தான் இன்றும் ஓடுகிறது. மாறிலிகளை மட்டும் பின்னால் வந்தவர்கள் திருத்தியிருக்கிறார்கள். 17.62, 243.12 என்ற ஜோடி வீட்டு வேலைக்குத் தாராளம். வெ என்பது டிகிரி செல்சியஸில் வெப்பநிலை, ஈ என்பது சதவீதத்தில் ஈரப்பதம், கா என்பது இடைக்கணக்கு:

கா = மடக்கை(ஈ ÷ 100) + (17.62 × வெ) ÷ (243.12 + வெ)

பனிப்புள்ளி = (243.12 × கா) ÷ (17.62 − கா)

30 டிகிரி, 75 சதவீதத்துக்குப் போட்டுப் பார்ப்போம். 0.75-இன் மடக்கை −0.2877. 17.62 × 30 = 528.6, அதை 273.12-ஆல் வகுத்தால் 1.9354. இரண்டையும் கூட்டினால் கா = 1.6477. மேலே 243.12 × 1.6477 = 400.6, கீழே 17.62 − 1.6477 = 15.972. வகுத்தால் 25.1 டிகிரி. வீட்டு சென்சார்களை ஒன்றுசேர்க்கும் ஹோம் அசிஸ்டென்ட் மென்பொருளில் நீங்கள் எழுதும் சூத்திரமோ (அதற்கு டெம்ப்ளேட் என்று பெயர்) ஸ்ப்ரெட்ஷீட்டோ இந்த எண்ணைத் தராவிட்டால் முதலில் மடக்கையைச் சந்தேகப்படுங்கள். இங்கே வேண்டியது இயல் மடக்கை. ஸ்ப்ரெட்ஷீட்டில் 'லாக்' என்று அடித்தால் பத்தடிமான மடக்கை வரும். 'எல்என்' என்றுதான் அடிக்க வேண்டும். ஹோம் அசிஸ்டென்ட் டெம்ப்ளேட்டில் 'லாக்' என்பதே இயல் மடக்கை. ஒன்றில் சரியாக வந்த சூத்திரத்தை இன்னொன்றுக்கு அப்படியே தூக்கிப் போட்டால் காலை வாரிவிடும்.

மனக்கணக்குக்கு ஒரு குறுக்குவழி உண்டு: 100-இலிருந்து ஈரப்பதத்தைக் கழித்து, 5-ஆல் வகுத்து, வெப்பநிலையில் கழியுங்கள். 30-க்கும் 75-க்கும் 25 வரும், கச்சிதம். ஆனால் 25 டிகிரி, 30 சதவீதத்தில் இது 11 என்று சொல்லும், உண்மையில் 6.2. 50 சதவீதத்துக்குக் கீழே இதை நம்ப வேண்டாம்.

ஹோம் அசிஸ்டென்டில் ஹெல்பர்ஸ் பக்கத்துக்குப் போய் ஒரு டெம்ப்ளேட் சென்சார் உருவாக்கி, மேலே உள்ள இரண்டு வரியை எழுதினால் முடிந்தது. டிவைஸ் கிளாஸ் வெப்பநிலை, ஸ்டேட் கிளாஸ் மெஷர்மென்ட் என்று வையுங்கள். ஸ்டேட் கிளாஸ் இல்லாவிட்டால் நீண்ட காலப் புள்ளிவிவரம் சேராது, ஆறு மாதம் கழித்து ஒப்பிட ஒன்றும் இருக்காது. டெம்ப்ளேட் எழுதச் சலிப்பாக இருந்தால் ஹாக்ஸ் (வெளியார் எழுதிய நீட்சிகளை நிறுவ உதவுவது) வழியாகத் தெர்மல் கம்ஃபர்ட் என்ற நீட்சியை நிறுவிக்கொள்ளலாம். பனிப்புள்ளியை அது தானே கணக்கிட்டுத் தரும்.

ஹோம் அசிஸ்டென்டோடு கூடவே வரும், பூசண ஆபத்தை மதிப்பிடும் மோல்ட் இண்டிகேட்டர் என்ற அமைப்பைப் பார்த்து ஆசைப்படாதீர்கள். உள்ளே சூடு, வெளியே குளிர் என்று இருக்கும் நாடுகளின் வீட்டுக்காக எழுதப்பட்டது அது. உள் வெப்பநிலை, உள் ஈரப்பதம், வெளி வெப்பநிலை மூன்றையும் வாங்கிக்கொண்டு, வெளிக்குளிர் இறங்கும் ஜன்னலோரத்தை மதிப்பிடும். நம் வீட்டில் குளிர் வருவது அடுத்த அறை ஏசியிலிருந்து. நம் வெளி வெப்பநிலையை அதற்குக் கொடுத்தால், சுவர் அறையைவிடச் சூடாக இருப்பதாக நினைத்துக்கொண்டு, ஆபத்தே இல்லை என்று சொல்லிவிடும்.

டெம்ப்ளேட்டில் இன்னும் இரண்டு ஓட்டைகளை அடைக்க வேண்டும். சென்சார் இணைப்பு விட்டுப்போனால் மதிப்புக்குப் பதிலாகப் பூஜ்யம் எடுத்துக்கொள் என்று எழுதுவது எல்லோருக்கும் பழக்கம். பூஜ்யத்துக்கு மடக்கை கிடையாது. கணக்கு பிழையில் நிற்கும். அவைலபிலிட்டி நிபந்தனையில் இரண்டு சென்சாரும் உயிரோடு இருக்கின்றனவா என்று கேட்டுவிட்டுக் கணக்கிடச் சொல்லுங்கள். அடுத்து, பேட்டரியில் ஓடும் ஜிக்பீ, ப்ளூடூத் சென்சார்களில் பல, மதிப்பு மாறினால்தான் செய்தி அனுப்பும். வெப்பநிலையும் ஈரப்பதமும் ஒரே நொடியில் வந்து சேராது. குளியலறையில் வெந்நீரைத் திறந்ததும் ஈரப்பதம் முதலில் பாயும், வெப்பநிலை பின்னால் வரும். இடைப்பட்ட நேரத்தில் பனிப்புள்ளிக் கோட்டில் இல்லாத ஒரு கூர்முனை தெரியும். சென்சாரைப் படிக்கும் ஈஎஸ்பி சிப்புக்கான ஈஎஸ்பிஹோம் மென்பொருளில் செய்தால் இந்தத் தொல்லை இல்லை; ஒரே அளவீட்டில் வந்த இரண்டு எண்ணையும் வைத்துச் சிப்பிலேயே கணக்கிட்டு, பனிப்புள்ளியை மட்டும் அனுப்பச் சொல்லலாம்.

சூடான சென்சார் பொய் சொல்லாது

சென்சாரைப் படித்து அனுப்பும் ஈஎஸ்பி32 பலகை வைஃபையோடு ஓடும்போது சூடாகும். பக்கத்திலேயே சென்சாரை ஒட்டினால் அறையைவிட 2 டிகிரி கூடக் காட்டுவது சாதாரணம். உடனே எல்லோரும் செய்வது, வெப்பநிலையில் 2 டிகிரி கழித்து ஒரு ஆஃப்செட் போடுவது. பனிப்புள்ளி கெடுவது அங்கேதான்.

அறை உண்மையில் 28 டிகிரி, 70 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பனிப்புள்ளி 22.0. சென்சார் தன் சூட்டில் 30 டிகிரியில் உட்கார்ந்திருக்கிறது. அதைச் சுற்றியுள்ள காற்றும் 30 டிகிரி. ஆகவே ஈரப்பதத்தை 62.4 என்று காட்டும். இரண்டுமே அறைக்குத் தப்பு. ஆனால் 30-ஐயும் 62.4-ஐயும் சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள், அதே 22.0 வரும். நீராவி அளவு மாறவில்லை அல்லவா? இப்போது வெப்பநிலையை மட்டும் 28-ஆகத் 'திருத்தி', 62.4-ஐ அப்படியே விட்டுக் கணக்கிட்டால் 20.1 வருகிறது. நல்ல எண்ணாக இருந்ததை நாமே 1.9 டிகிரி கெடுத்தாயிற்று.

ஆகவே பனிப்புள்ளியை, வெப்பநிலையில் ஆஃப்செட் போடாத ஜோடியிலிருந்து எடுங்கள்; அறை வெப்பநிலைக்கு ஆஃப்செட் வேண்டுமானால் அது தனி. ஒரு சென்சாரின் வெப்பநிலையையும் இன்னொன்றின் ஈரப்பதத்தையும் ஒருபோதும் சேர்க்க வேண்டாம். ஏசியின் தெர்மோஸ்டாட் காட்டும் டிகிரியோடு அலமாரி மேல் இருக்கும் மீட்டரின் சதவீதத்தைக் கலப்பது இந்த ரகம். ஒரே சென்சாரின் ஜோடியை அப்படியே எடுப்பதில் ஒரு நன்மையும் இருக்கிறது. பால்கனியில் மாட்டிய சென்சார் வெயில் பட்டு 41 டிகிரி என்று உளறினாலும், அதன் பனிப்புள்ளி பெரும்பாலும் சரியாகவே இருக்கும். சரிபார்க்க வேண்டுமானால் சென்னைக்காரர்கள் மீனம்பாக்கம் விமான நிலையத்தின் மெட்டார் அறிக்கையை (விமானிகளுக்கான வானிலைக் குறிப்பு) பார்க்கலாம். 31/26 என்று ஒரு துண்டு இருக்கும்: வெப்பநிலை 31, பனிப்புள்ளி 26. கடற்காற்று முகப்பு பாதி ஊரைத் தாண்டியிருக்கும் நேரத்தை மட்டும் தவிர்த்துவிட்டு ஒப்பிடுங்கள்.

எந்த சென்சார்

டிஎச்டி11 வேண்டவே வேண்டாம். ஈரப்பதத்தில் 5 சதவீதம், வெப்பநிலையில் 2 டிகிரி வரை பிழைக்கு அதன் தகவல் தாளே இடம் கொடுக்கிறது. 30 டிகிரியில் 75 சதவீதம் என்பது 80 ஆனால் பனிப்புள்ளி 1.1 டிகிரி நகரும். ஏசி அறையின் வறண்ட காற்றில் இது இன்னும் மோசம்: 25 டிகிரியில் 30 என்பது 35 ஆனால் 2.3 டிகிரி. டிஎச்டி22 தேவலாம், ஆனால் வருஷம் போகப் போக விலகும். பிஎம்இ280 நல்ல சிப்தான், வாங்கும்போதுதான் ஏமாறுவோம். அதன் பெயரில் விற்கும் பல பலகைகளில் இருப்பது பிஎம்பி280; அதில் ஈரப்பதமே கிடையாது. சிப் அடையாள எண் ஹெக்ஸில் (பதினாறடிமான எண்ணில்) 60 என்று வந்தால் அசல், 58 என்றால் பிஎம்பி.

இந்த வேலைக்கு எஸ்எச்டி31 அல்லது எஸ்எச்டி40. இரண்டும் ஈரப்பதத்தில் சுமார் 2 சதவீதம், வெப்பநிலையில் 0.2 டிகிரி துல்லியம். இணைப்பு நாலே கம்பி: 3.3 வோல்ட், கிரவுண்ட், எஸ்டிஏ-வை ஜிபிஐஓ 21-க்கு, எஸ்சிஎல்-ஐ 22-க்கு. ஐ-டூ-சி முகவரி ஹெக்ஸில் 44. சென்சாரை 15, 20 சென்டிமீட்டர் ஒயரில் பலகைக்குக் கீழே தொங்கவிடுங்கள். சூடு மேலேதான் போகும். பெட்டியில் மேலும் கீழும் துளை வேண்டும். ஏசி காற்று நேராக அடிக்கும் இடம், வெயில் படும் சுவர், அடுப்பங்கரை வாசல், இவற்றைத் தவிர்த்துத் தோள் உயரத்தில் மாட்டுங்கள்.

சென்சார் சிப்பில் காற்று நுழையும் துளை இருக்கும் இடத்தில் கை, பசை, ஃப்ளக்ஸ், புது பெயின்ட் ஆவி எதுவும் படக்கூடாது. பூஜை அலமாரிக்குப் பக்கத்தில் மாட்டி, தினம் சாம்பிராணி காட்டினால் சீக்கிரம் கெடும். வாரக்கணக்கில் 80, 90 சதவீதத்தில் கிடந்த சென்சார் ஓரிரு சதவீதம் கூட்டிச் சொல்ல ஆரம்பிக்கும். வறண்ட அறையில் சில நாள் வைத்தால் மெல்லத் திரும்பும். எஸ்எச்டி40-க்குள் இதற்கென்றே ஒரு சின்ன ஹீட்டர் இருக்கிறது. அது சூடாகும் நொடிகளில் வரும் அளவீட்டை மட்டும் கணக்கில் சேர்க்காதீர்கள்.

அடுத்தது உப்புச் சோதனை. இதைத் தாண்டாமல் எந்த ஆட்டோமேஷனும் எழுத வேண்டாம். பாட்டில் மூடி ஒன்றில் பொடி உப்பை நிரப்பி, ஈர மணல் பதத்துக்கு வரும்வரை சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுங்கள். உப்பு கரைந்து மேலே தண்ணீர் நின்றால் அதிகம். அந்த மூடியையும் சென்சாரையும் காற்றுப் புகாத டப்பாவில், ஒன்றை ஒன்று தொடாமல் வைத்து மூடி, வெயிலும் ஏசியும் படாத இடத்தில் 24 மணி நேரம் விடுங்கள். உள்ளே ஈரப்பதம் 25 டிகிரியில் 75.3, 30 டிகிரியில் 75.1 என்று நின்றுவிடும். சென்சார் 78 காட்டினால் 3 கழிக்க வேண்டும். கல்லுப்பை எடுக்காதீர்கள். அதில் மெக்னீசிய உப்புகள் ஒட்டியிருக்கும்; அவை இன்னும் வறண்ட காற்றிலேயே நீரை இழுப்பவை, டப்பாவின் எண்ணைக் கீழே தள்ளிவிடும். மழைக்காலத்தில் கல்லுப்பு ஜாடி முதலில் கசிவதும் இதனால்தான். சுத்தமான பொடி உப்பும் கசிந்தால், அடுப்பங்கரைக் காற்று 75-ஐத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். சென்சாரே வேண்டாம்!

இரண்டு அறைகளை ஒப்பிடப் போகிறீர்கள் என்றால், எல்லா சென்சாரையும் ஒரே தட்டில் வைத்து ஒரு ராத்திரி ஓடவிட்டு, பனிப்புள்ளிகள் 0.3 டிகிரிக்குள் சேர்கின்றனவா என்றும் பாருங்கள்.

சுவரின் வெப்பநிலை

காற்றின் பனிப்புள்ளி கணக்கில் பாதி. மீதி, மேற்பரப்பு எத்தனை டிகிரி என்பது. அதற்கு டிஎஸ்18பி20 என்ற வெப்பநிலை சென்சார் போதும், 0.5 டிகிரி துல்லியம், டேட்டா ஒயருக்கும் 3.3 வோல்ட்டுக்கும் நடுவே 4.7 கிலோஓம் ரெசிஸ்டர். சந்தையில் போலி ஏராளம். ஐஸ் தண்ணீரில் முக்கிப் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வருகிறதா என்று பாருங்கள். சுவரில் ஒட்டும்போது கொஞ்சம் தெர்மல் பேஸ்ட் தடவி, மேலே டேப் ஒட்டி, அதன் மேல் ஒரு ரூபாய் நாணய அளவுக்கு ஃபோம் துண்டு வையுங்கள். ஃபோம் இல்லாவிட்டால் பாதி காற்றைத்தான் அளக்கும். ஃபோம் பெரிதாகிவிட்டால் அதுவே சுவரை மூடி, அந்த இடத்தைக் குளிரச் செய்துவிடும்.

எங்கே ஒட்டுவது என்று தேட இன்ஃப்ராரெட் துப்பாக்கி உதவும். பெயின்ட் அடித்த சுவர், கண்ணாடி, டைல் எல்லாவற்றுக்கும் எமிசிவிட்டியை (பரப்பு வெப்பக் கதிரை வீசும் திறன்) 0.95-க்குப் பக்கத்தில் வைத்தால் சரிவரும். பளபளக்கும் செம்புக் குழாய், அலுமினிய ஃப்ரேம் ஆகியவற்றில் துப்பாக்கி எதிரே இருப்பதன் சூட்டைத்தான் காட்டும். கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி, டேப்பை அளங்கள்.

இப்போது அந்த அலமாரிக்கு வருவோம். நாலரை அங்குலச் செங்கல் சுவர், இரண்டு பக்கமும் பூச்சு. ஹாலில் 31 டிகிரி, 75 சதவீதம், பனிப்புள்ளி 26. படுக்கையறை 21. சுவரின் வெப்பத்தடை (வெப்பம் கடப்பதை எவ்வளவு தடுக்கிறது என்பது, சதுர மீட்டர்-கெல்வின்/வாட் அலகில்) சுமார் 0.18, இரண்டு பக்கமும் சுவரை ஒட்டி நிற்கும் காற்றுப்படலத்துக்கு 0.13 வீதம், மொத்தம் 0.44. பத்து டிகிரி வித்தியாசத்தில் ஹால் பக்கக் காற்றுப்படலத்தில் மட்டும் 3 டிகிரி விழும். திறந்த சுவர் 28-இல் நிற்கும். தண்ணீர் கோக்காது. ஆனால் சுவரை ஒட்டிய காற்றில் ஈரப்பதம் 89 சதவீதம்.

அலமாரியை ஒட்டி வைத்தவுடன் ஹாலின் சூடு சுவருக்குப் போவது தடைபடுகிறது. குளிரோ பின்னாலிருந்து வந்துகொண்டே இருக்கிறது. பலகையும் நடுவே அடைபட்ட காற்றும் சேர்ந்து இன்னொரு 0.3 தடை என்று வைத்தால், அலமாரிக்குப் பின்னால் சுவர் 25.2-க்கு இறங்கிவிடும். பனிப்புள்ளி 26. நீராவிக்கு அலமாரி ஒரு தடையே இல்லை, இடுக்கு வழியாக நுழைந்துவிடும். சுவர் நனையாமல் என்ன செய்யும்?

பூசணத்துக்குத் தண்ணீர் கோக்க வேண்டிய அவசியமும் இல்லை. மேற்பரப்பில் ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல் நாள் கணக்கில் நின்றாலே போதும். டிகிரியில் சொன்னால், சுவர் பனிப்புள்ளியைவிடச் சுமார் 4 டிகிரி மேலே இருந்தால் நிம்மதி. சுவர் வெப்பநிலையிலிருந்து பனிப்புள்ளியைக் கழித்து இடைவெளி என்று ஒரு சென்சார் வைத்துக்கொள்ளுங்கள். டாஷ்போர்டில் வேறு எது இல்லாவிட்டாலும் இது இருக்கட்டும். அதன் மேல், எல்லைக்குக் கீழே போனால் சொல்லும் ஒரு த்ரெஷோல்ட் ஹெல்பர், கீழ் எல்லை 4, ஹிஸ்டரிசிஸ் (எல்லையோரத்தில் மாறி மாறி ஆடாமலிருக்க விடும் சலுகை) 0.5, அதன் மேல் ஒரு ஹிஸ்டரி ஸ்டாட்ஸ், நேற்று எத்தனை மணி நேரம் எல்லைக்குக் கீழே இருந்தது என்று எண்ண. ராத்திரி எட்டு மணி நேரம் கீழே போய்ப் பகலில் மீண்டுவரும் சுவர் தப்பித்துக்கொள்ளும். பகலிலும் மீளாத சுவரில்தான் பூசணம்.

ஏசியை 21-இலிருந்து 25-க்கு ஏற்றினால் அலமாரிக்குப் பின்னால் 27.5 வரும். தண்ணீர் நிற்கும்; ஆனால் ஈரப்பதம் இன்னும் 92 சதவீதம், பூசணம் போகாது. அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் நகர்த்தி, அதோடு 25-உம் வைத்தால் சுவர் 29.2, ஈரப்பதம் 83. ஹாலில் மின்விசிறி ஓடினால் இன்னும் கொஞ்சம் ஏறும். இன்சுலேஷன் ஷீட் ஒட்டுவதானால் ஏசி அறைப் பக்கம் ஒட்ட வேண்டும். 25 மில்லிமீட்டர் பாலிஸ்டைரீன் ஒட்டினால், 21 டிகிரியிலேயே ஹால் பக்கச் சுவர் 30-க்குப் பக்கத்தில் நிற்கும். பூசணம் தெரிகிற பக்கம் ஒட்டினால் அலமாரி செய்த வேலையையே ஷீட்டும் செய்யும். கண்ணுக்குத் தெரியாமல் பின்னால் வளரும்.

ஃபேன், ஜன்னல், ஏசி

குளியலறை எக்ஸாஸ்ட் ஃபேனை 'ஈரப்பதம் 70-ஐத் தாண்டினால் ஓடு' என்று வைத்தால், ஐப்பசியில் அது நிற்கவே நிற்காது. வீடு முழுக்க 80 இருக்கும். குளியலறைப் பனிப்புள்ளி ஹாலைவிட 2 டிகிரி கூடினால் ஓடு, 1 டிகிரிக்குள் வந்தால் நில், ஓட ஆரம்பித்தால் 10 நிமிடமாவது ஓடு. எல்லையை 1-க்கும் கீழே குறைத்தால் சென்சார் பிழையே ஃபேனை ஓட்டும். கதவுக்குக் கீழே இடைவெளி இல்லாவிட்டால் ஃபேன் சும்மா சத்தம் போடும், காற்று வராது.

ஜன்னலுக்கு விதி இன்னும் எளிது: வெளிப் பனிப்புள்ளி உள்ளதைவிட 1 டிகிரியாவது குறைவாக இருந்தால் திற. ஏசி அறைக்கு மட்டும் இன்னொன்றும் பார்க்க வேண்டும். ராத்திரி முழுக்க 22-இல் ஓடிய அறையில் விடிந்ததும் ஏசியை அணைத்து ஜன்னலைத் திறப்பது நம் பழக்கம். தரை டைல் 23-இல் இருக்கும், வெளிக்காற்றின் பனிப்புள்ளி 25. காலை வைத்தால் வழுக்கும். மெத்தை, லேப்டாப், கேமரா லென்ஸ் எல்லாவற்றிலும் அதே ஈரம் படியும், கண்ணுக்குத் தெரிவது தரை மட்டும்தான். அதிகாலை 5 மணிக்கு ஏசியை 27-க்கு ஏற்றச் சொல்லுங்கள். அறையின் மிகக் குளிர்ந்த மேற்பரப்பு வெளிப் பனிப்புள்ளியை 1 டிகிரி தாண்டிய பிறகு 'ஜன்னல் திறக்கலாம்' என்று அறிவிப்பு வரட்டும்.

அதிகாலையில் ஜன்னல் கண்ணாடியின் வெளிப்பக்கம் மூடுபனி பிடித்திருந்தால் அதைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை. ஏசி காற்று கண்ணாடி மேல் நேராக அடிக்காமல் திருப்பிவிடுங்கள். ஃபால்ஸ் சீலிங்கிலிருந்து சொட்டுகிறது என்றால் அதற்கு எந்த சென்சாரும் வேண்டாம். ஏசியின் செம்புக் குழாய், ஏசி ஓடும்போதெல்லாம் பனிப்புள்ளிக்கு எவ்வளவோ கீழே இருப்பது. பெரும்பாலும் அதன் மேல் உறையில் எங்கோ இணைப்பு விட்டிருக்கும், டேப் போட வேண்டும்.

பனிப்புள்ளிக் கோடு ஏசியைப் பற்றியும் நிறையச் சொல்லும். இன்வெர்டர் ஏசி 26-ஐ எட்டியதும் கம்ப்ரசர் வேகத்தைக் குறைக்கும், உள்ளே காற்றைக் குளிர்விக்கும் குழாய்ச் சுருள் ('காயில்') அவ்வளவாகக் குளிராது, ஈரம் பிரிவது குறையும். வெப்பநிலைக் கோடு தட்டையாக இருக்கும். பனிப்புள்ளி மட்டும் நள்ளிரவிலிருந்து மெல்ல மெல்ல ஏறும். '26 வைத்தும் புழுக்கமாக இருக்கிறது' என்று எழுந்து 22-க்குக் குறைப்பது இந்த நேரத்தில்தான். டிகிரியைக் குறைப்பதற்கு முன் ஃபேன் வேகத்தைக் குறைத்துப் பாருங்கள். காற்று மெதுவாகக் கடந்தால் காயில் இன்னும் குளிரும், தண்ணீர் பிரியும். 25 டிகிரி, 55 சதவீதம், பனிப்புள்ளி 15.3 என்று நின்றால் போர்வை தேடாமல் தூங்கலாம்.

பழைய நிலைவேக ஏசியில் கோடு ரம்பப் பல் மாதிரி இருக்கும். கம்ப்ரசர் ஓடும்போது இறங்கும். அது நின்று ஃபேன் மட்டும் ஓடும்போது, நனைந்த காயில் மேல் காற்று அடித்து, பிரித்தெடுத்த தண்ணீரையே அறைக்குத் திருப்பிக் கொடுக்கும். சில நிமிடங்களில் கோடு மேலே குதிப்பதைப் பார்க்கலாம். ரிமோட்டில் ஃபேன் வேகத்தை ஆட்டோவில் வைத்தால் சில மாடல்களில் கம்ப்ரசர் நிற்கும்போது ஃபேனும் தணியும். ரம்பப் பல்லின் உயரம் குறைகிறதா என்று அன்று இரவே கிராஃபில் தெரிந்துவிடும்.